கழித்தல் மட்டுமே உள்ள கணக்கேடு

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு லண்டன் புறநகரிலிருந்து வாகனத்தை எடுத்து, இரண்டு மணித்தியாலம் ஓடி, ஏதோவொரு நகரத்து விளையாட்டு அரங்கில் எங்கள் பத்து வயதுப் பிள்ளையை இறக்கிவிடுகிறோம். நான்கு உபகரணங்களிலும் அவள் செய்துகாட்டும் நேரம் எல்லாம் கூட்டினாலும் ஐந்து நிமிடம் வராது. மாலையில் வீடு திரும்பும்போது ஊரிலிருந்தும் கனடாவிலிருந்தும் தொலைபேசி அழைப்புகள் வரும். எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "எத்தனையாம் இடம்?"

தை மாதத்தில் துள்ளிக் குதித்துப் பயிற்சிக்குப் போன பிள்ளை, வைகாசி வரும்போது வாகனத்தில் ஏறும் நேரம் பார்த்து "வயிறு நோகுது" என்கிறது. ஜிம்னாஸ்ரிக்ஸ் பழகும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இது புதிய கதை அல்ல. முன்பு பரதநாட்டியமும் மிருதங்கமும் மட்டும் பழக்கிய எம்மவர்கள் இன்று நீச்சல், கிரிக்கெட், ஜிம்னாஸ்ரிக்ஸ் என்று பிள்ளைகளை அனுப்புகிறோம். நல்ல விடயம். ஆனால் நீண்ட போட்டிக் காலம் முழுவதும் ஒரு சிறு பிள்ளையின் மனம் சோராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதை நாம் இன்னும் பழகவில்லை.

இந்த நாட்டுக்காரரும் அதைச் சரியாகப் பழகியிருக்கவில்லை என்பது 2022ஆம் ஆண்டு யூன் மாதம் வெளிவந்தது. பிரித்தானிய ஜிம்னாஸ்ரிக்ஸ் துறையில் எழுந்த முறைப்பாடுகள் பற்றிச் சட்டத்தரணி ஆன் வைற் நடத்திய சுயாதீன விசாரணையின் அறிக்கை அது. 400க்கும் அதிகமானோர் தம் அனுபவங்களை எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவற்றில் 40 வீதத்துக்கும் மேற்பட்டவை உடல்ரீதியான கொடுமைகளைச் சொல்லின. எடையைச் சொல்லி அவமானப்படுத்தியது, தண்ணீரையும் உணவையும் மறுத்தது, காயத்தோடு பயிற்சி செய்ய வைத்தது என்று நீள்கிறது அந்தப் பட்டியல். அதன் பின்னர்தான் பிரித்தானிய ஜிம்னாஸ்ரிக்ஸ் அமைப்பு 'சீர்திருத்தம் 25' என்ற திட்டத்தை அறிவித்தது. விதிகள் மாறின. ஆனால் விதிகள் பயிற்சி மண்டபத்தின் வாசலோடு நின்றுவிடும். வாகனத்துக்குள்ளும் சாப்பாட்டு மேசையிலும் என்ன பேசப்படுகிறது என்பதை எந்த அமைப்பும் கண்காணிக்க முடியாது. அது எமது பொறுப்பு.

முதலில் இந்த விளையாட்டின் கணக்கு முறையைப் பார்ப்போம். 1976இல் மொன்றியலில் 14 வயது நாடியா கொமனெச்சி பெற்ற முழுமையான 10 புள்ளிகளை உலகம் இன்றும் பேசுகிறது. 2006இலிருந்து சர்வதேசப் போட்டிகளில் அந்த முறை இல்லை. இப்போது செய்யும் வித்தைகளின் கடினத்துக்கு ஒரு புள்ளியும், செய்த விதத்துக்கு இன்னொரு புள்ளியும் தருகிறார்கள். செய்த விதத்துக்கான புள்ளி 10இல் தொடங்கி இறங்கிக்கொண்டே வரும். கால் சற்று மடிந்தால் 0.1, பிழை பெரிதானால் 0.3, அதற்கும் பெரிதானால் 0.5, கீழே விழுந்தால் 1.0. கழக மட்டப் போட்டிகளில் விபரங்கள் வேறுபடலாம், அடிப்படை இதுதான்.

கணக்கியல் படித்த எமக்கு இது உடனே கண்ணில் படும். வரவுப் பக்கமே இல்லாத ஒரு கணக்கேடு இது. சென்ற மாதம் செய்ய முடியாத ஒன்றை இந்த மாதம் அந்தப் பிள்ளை செய்துவிட்டது என்பதையோ, பயத்தை விழுங்கிக்கொண்டு மரச்சட்டத்தில் மீண்டும் ஏறியது என்பதையோ நடுவர் எழுத மாட்டார். அது அவருடைய வேலையும் அல்ல. ஆனால் ஒரு பிள்ளை ஆறு மாதம், எட்டு மாதம் இந்த ஒரு கணக்கேட்டை மட்டும் பார்த்துக்கொண்டு வளர்ந்தால், தன்னையும் அப்படியே கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடும். வீட்டில் இன்னொரு ஏடு இருக்க வேண்டும். அதில் வரவை எழுத வேண்டியவர்கள் நாம்.

இரண்டாவது விடயம் பணம். மாதக் கட்டணம், போட்டிக் கட்டணம், உடுப்பு, பெற்றோல், சில வேளை விடுதி என்று வருடக் கணக்கைக் கூட்டினால் நெஞ்சு இடிக்கும். இரவு வேலை செய்து அந்தப் பணத்தைத் தேடியவர்கள் நாம். அதனால்தான் பிள்ளை தயங்கும்போது வாயில் முதலில் வருவது, "உனக்காக எவ்வளவு செலவழிச்சிருக்கிறம் தெரியுமோ?" எங்கள் வீட்டிலும் அந்த வசனம் சொல்லப்பட்டது. சொன்ன பிறகு பிள்ளை ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் முறைப்பாடு இல்லாமல் பயிற்சிக்குப் போனது. வென்றுவிட்டோம் என்று நினைத்தோம். ஒரு மாதத்துக்குப் பின்னர்தான் தெரிந்தது, மணிக்கட்டு நோவை அது மறைத்திருக்கிறது என்று. செலவு வீணாகிவிடும் என்ற பயமாம்.

வணிகவியலில் முதலாம் வருடத்திலேயே படிப்பிக்கும் பாடம் ஒன்று உண்டு. மீட்க முடியாதபடி செலவாகிவிட்ட பணம் அடுத்த முடிவைத் தீர்மானிக்கக் கூடாது. இனி என்ன கிடைக்கும், இனி என்ன இழப்போம் என்பதை மட்டும் பார்க்க வேண்டும். நிறுவனங்களுக்கு இதைச் சொல்லிச் சம்பளம் வாங்கிய நாம், சொந்தப் பிள்ளையிடம் மட்டும் மறந்துபோனோம்.

சிலர் மிரட்டுவதில்லை, பரிசு பேசுவார்கள். "பதக்கம் எடுத்தால் ஐபோன் வாங்கித் தாறன்." இதற்கும் ஒரு பழைய பரிசோதனை பதில் சொல்கிறது. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெற் ஆகிய மூவர் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு அது. வரைவதில் விருப்பமுள்ள முன்பள்ளிப் பிள்ளைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். பின்னர் எந்தப் பரிசும் பேசாமல் விட்டபோது, அந்தப் பிள்ளைகளே மற்றவர்களை விடக் குறைவாக வரைந்தார்கள். விருப்பத்துக்குச் செய்தது கூலிக்குச் செய்யும் வேலையாகிவிட்டது. எதிர்பாராமல் கொடுத்த பரிசு அந்தக் கெடுதியைச் செய்யவில்லை. ஆகவே போட்டி முடிந்து வரும் வழியில் ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுப்பதில் பிழையில்லை. அதை முன்பே விலை பேசுவதுதான் பிழை.

மூன்றாவது, பிள்ளையின் உடம்பு. பத்து வயதுக்கும் பதினான்கு வயதுக்கும் இடையில் சில மாதங்களில் உயரம் சட்டென்று கூடும். கை கால் நீளும், எடையின் மையம் மாறும். நேற்று வரை இலகுவாகச் செய்த சுழற்சி இன்று வராது. பிள்ளை சோம்பேறியாகவில்லை, உடம்பு புதிதாகிவிட்டது. அதே காலத்தில்தான் பயமும் வரும். 2021இல் ரோக்கியோவில் சிமோன் பைல்ஸ் குழு இறுதிப் போட்டியின் நடுவில் விலகினார். காற்றில் சுழலும்போது தன் உடம்பு எந்தத் திசையில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாமல் போய்விட்டது. அப்போது அவரைக் கோழை என்று எழுதியவர்களும் இருந்தார்கள். 2024இல் பரிசுக்குத் திரும்பி வந்து மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் எடுத்தார். உலகின் முதல்தர வீராங்கனைக்கே நின்று மூச்சுவிட இடம் தேவைப்பட்டதென்றால், எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஏன் தேவைப்படாது?

ஓய்வு என்றதும் எமது சமூகத்தின் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். வார நாட்களில் மூன்று மாலை பயிற்சி. மற்ற மாலைகளில் இலெவன் பிளஸ் ரியூசன். சனி காலை தமிழ்ப் பாடசாலை, மத்தியானம் நடன வகுப்பு, ஞாயிறு போட்டி. ஒரு கணக்காளரை இப்படி வேலை வாங்கினால் அவர் தொழிற்சங்கத்துக்குப் போவார். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம், ஒரே விளையாட்டில் ஈடுபடும் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒன்றிரண்டு நாட்களும், வருடத்தில் மாதம் மாதமாகப் பிரித்து மொத்தம் மூன்று மாதங்களும் ஓய்வு வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. எந்த வகுப்பை விடுவது என்பது கடினமான முடிவுதான். அந்த முடிவை எடுக்காமல் விட்டால், பிள்ளையின் வயிற்று நோ எடுத்துவிடும்.

எங்கள் வீட்டில் சில மாற்றங்கள் செய்தோம். எல்லாம் சிறியவை. போட்டி முடிந்து வரும் வழியில் புள்ளி பற்றி நாங்கள் பேச்செடுப்பதில்லை. பிள்ளை எடுத்தால் பேசுவோம். ஒவ்வொரு போட்டிக்கு முன்னும் இடத்தோடு சம்பந்தமில்லாத ஒரு இலக்கை அதுவே தெரிவு செய்யும்: "மரச்சட்டத்தில் இறங்கும்போது அசையாமல் நிற்பேன்." அது நடந்தால் எட்டாம் இடமும் நல்ல நாள்தான். நோ இருந்தால் சொல்லலாம், சொன்னதற்காக ஒருவரும் கணக்குக் காட்டமாட்டோம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறோம். பருவம் முடிந்ததும், தொடர விருப்பமா என்று உண்மையாகவே கேட்போம். 'இல்லை' என்ற பதிலையும் ஏற்கத் தயாராக இருந்தால்தான் அது கேள்வி.

இன்னொன்று. பதிவு செய்யப்பட்ட ஒவ்வொரு கழகத்திலும் பிள்ளைகளின் நலனுக்குப் பொறுப்பான ஒருவர் இருக்க வேண்டும். அவர் யார் என்று எம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அகதியாக வந்து, தந்த படிவங்களில் எல்லாம் வாசிக்காமலே கையெழுத்து வைத்துப் பழகியவர்கள் நாம். ஆசிரியரை எதிர்த்துக் கேட்கக் கூடாது என்று வளர்ந்தவர்கள். இந்த இரண்டு பழக்கங்களையும் பயிற்சி மண்டபத்து வாசலில் கழற்றி வைக்க வேண்டும். பிள்ளை பயந்து பயிற்சிக்குப் போனாலும் விரும்பிப் போனாலும் வெளியில் பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

எம்மில் பலரின் பத்து வயது இடப்பெயர்விலும் பதுங்கு குழியிலும் போனது. விளையாட்டு மைதானம் முகாமாக இருந்த காலம் அது. அந்த இழப்பைப் பிள்ளையின் பதக்கத்தால் ஈடுசெய்ய நினைப்பது மனித இயல்பு. ஆனால் எமது பழைய நட்டத்தை அவர்களின் புதிய ஏட்டில் முதல் வரியாக எழுதக் கூடாது. அடுத்த ஞாயிறும் காலை ஆறு மணிக்கு வாகனத்தை எடுப்போம். தொலைபேசியில் யாரும் இடத்தைக் கேட்டால், பிள்ளை சந்தோசமாக விளையாடியது என்று முதலில் சொல்வோம். அப்படிச் சொல்வது உண்மையாகவும் இருக்க வேண்டும்.