கழுவி எடுத்த பூக்கள்

சின்னமனூரை அடுத்த சீலையம்பட்டிப் பூ மார்க்கெட்டில் காலையில் போட்டி போட்டு வாங்கப்படும் மல்லிகை, பொழுது சாய்வதற்குள் கேட்பாரற்றுப் போகும். கம்பம் பள்ளத்தாக்கில் பூ என்பது அன்றாடச் சரக்கு. நிறம், மணம், வாடாத இதழ் மூன்றும் சேர்ந்ததுதான் அதன் விலை. கருப்பு வெள்ளைப் படம் முதல் இரண்டையும் பறித்துக்கொண்டு மூன்றாவதை மட்டும் வைத்துக்கொள்கிறது. வியாபாரக் கணக்கில் பார்த்தால் நஷ்டம். ஆனாலும் நம் மலைகளின் பூக்களில் நூறாண்டு தாண்டி இன்றும் கண்ணுக்குக் கிடைப்பவற்றில் பல, நிறமில்லாமல் பதிவானவை.

இந்தக் கதை கேமராவுக்கு முன்பே தொடங்கிவிட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக வந்த ராபர்ட் வைட், 1838 முதல் 1853 வரை 2,101 தாவரப் படங்களைக் கல்லச்சில் வெளியிட்டார். அவருக்காக வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இந்திய ஓவியர்கள். வண்ணப் படங்களோடு வேறொரு நூலையும் வைட் கொண்டுவந்தார்தான். ஒவ்வொரு தாளுக்கும் வண்ணம் ஏற்றுவது கட்டுப்படியாகாது என்பதால் இந்தப் பெருந்தொகுதி கருப்புக் கோட்டோடு நின்றது. சிக்கனத்தால் வந்த குறை, கலைக்கு வரமாயிற்று. இதழின் மடிப்பையும் இலை நரம்பையும் சூலகத்தின் குறுக்குவெட்டையும் கோட்டிலேயே சொல்லித் தீர வேண்டிய கட்டாயம் அந்த ஓவியர்களுக்கு. ஆர்க்கிட் பேரினம் ஒன்றுக்குக் கோவிந்துவின் பெயரையே சூட்டினார் வைட்.

பிறகு கேமரா வந்தது. 1858-ல் ஆங்கிலேயப் புகைப்படக் கலைஞர் லின்னேயஸ் ட்ரைப் மதுரையைப் படமெடுத்தார். அந்தக் காலத்து ரசாயனத்துக்கு நீல ஒளிதான் நன்றாகத் தெரியும். வானம் வெளுத்துப்போகும், சிவப்பு கருத்துப்போகும். அந்த முறையில் செம்பருத்தியை எடுத்தால் கரித்துண்டுதான் மிஞ்சும். எல்லா நிறத்தையும் உணரும் பான்குரோமாட்டிக் தகடு 1906-ல்தான் விற்பனைக்கு வந்தது. எந்த நிறம் எந்தச் சாம்பலாக மாற வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை அதற்குப் பிறகே படமெடுப்பவர் கைக்கு வந்தது.

அந்த உரிமையைக் கடைசிவரை கைவிடாத தமிழர் ஒருவர் உண்டு. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996). சென்னை மாநிலக் கல்லூரியில் அவருடைய தாவரவியல் ஆசிரியர் பி.எஃப். ஃபைசன். நீலகிரி, பழனி மலையுச்சிகளின் தாவரங்களைப் பற்றி 1915 முதல் 1920 வரை மூன்று தொகுதிகள் எழுதியவர். அந்த நூலுக்கு உயிர் கொடுத்தவையும் கோட்டோவியங்களே. ஃபைசன் தம்பதியோடு மாணவர் கிருஷ்ணன் நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் செடி தேடி நடந்திருக்கிறார். கொடைக்கானல் மலையின் தெற்குச் சரிவு இறங்கி முடிவது நம் பெரியகுளத்தில். கிருஷ்ணனின் புகழ் யானைப் படங்களால் பரவியது. அவருடைய கண் பழகியது பூக்களில். பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே பொருத்திக்கொண்ட கருவியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனவர், வண்ணப் பிலிம் தாராளமாகக் கிடைத்த காலத்திலும் கருப்பு வெள்ளையிலேயே நின்றார். வைட்டுக்குச் செலவு வைத்த எல்லை, கிருஷ்ணனுக்கு விரும்பி ஏற்ற விரதமாகிவிட்டது.

இந்த விரதம் எவ்வளவு கடினம் என்பதற்கு ஒரு செங்காந்தள் போதும். குறிஞ்சிப்பாட்டு 99 பூக்களை அடுக்குகிறதே, அந்த வரிசை காந்தளில்தான் ஆரம்பிக்கிறது. மழைக்காலத்தில் வேலியில் தொற்றிப் படரும் கொடி. ஆறு இதழும் நெளிநெளியாகப் பின்னோக்கி வளைந்திருக்கும். நுனி சிவப்பு, அடி மஞ்சள். கேசரங்கள் சக்கரத்தின் ஆரம்போலப் பக்கவாட்டில் விரிந்திருக்கும். வெறும் கண்ணுக்குப் பச்சையில் பற்றிய நெருப்பு. பிலிமுக்கோ சிவப்பும் பச்சையும் ஏறக்குறைய ஒரே சாம்பல். பூ வேலிக்குள் கரைந்துவிடும். லென்ஸின் முன்னால் சிவப்பு ஃபில்டர் போட்டால் இதழ் வெளுத்து இலை கருக்கும். பூ பிரிந்து நிற்கும், ஆனால் மஞ்சளும் சேர்ந்து வெளுப்பதால் இதழின் இருநிறம் போய்விடும். பச்சை ஃபில்டர் போட்டுப் பாருங்கள்: இலை வெளுக்கும், நுனி கருக்கும், அடி மட்டும் வெளிச்சமாக நிற்கும். நிறம் போனபின்னும் காந்தளைக் காந்தள் என்று அடையாளம் சொல்ல முடியும்.

மல்லிகையின் சிக்கல் வேறு மாதிரி. லைட் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பல் என்றே நினைக்கும். அது சொன்னபடி எடுத்தால் மல்லிகை அழுக்கு வேட்டியாக வரும். ஒளியை ஒன்றரை ஸ்டாப் கூட்டித் தர வேண்டும். அதற்கு மேல் போனால் இதழின் வரிகள் வெளிச்சத்தில் எரிந்துபோகும். மேற்கே தொடர்ச்சி மலை, கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலையும் நிற்பதால் பள்ளத்தாக்கில் வெயில் தாமதமாக இறங்கும், சீக்கிரம் விடைபெறும். நிழல் உறைக்காத அந்த நேரம்தான் வெள்ளைப் பூவுக்கு உகந்தது. கம்பம் கணவாய் வழியே காற்று பாயும் மாதங்களில் அதுவும் கைகொடுக்காது. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும்போது மல்லிகைக் காம்பு எந்த மூலைக்கு?

இத்தனையும் பாதி வேலைதான். நம் ஊர்ப் பேச்சில் போட்டோவை ‘எடுக்க’ வேண்டும், பிறகு ‘கழுவ’ வேண்டும். அந்தச் சொல்லில் தொழிலின் அறிவே இருக்கிறது. இருட்டறையின் சிவப்பு விளக்கில், வெற்றுத் தாள் டெவலப்பரில் அமிழ்ந்து கிடக்கும். முதலில் நிழல், பிறகு தண்டு, கடைசியில்தான் இதழின் வெளிர் வரிகள் எழும். கைதேர்ந்தவர் முதலில் ஒரு துண்டுத் தாளில் ஐந்தாறு நேரங்களைச் சோதித்துப் பார்ப்பார். இதழ் மீது என்லார்ஜர் ஒளியைக் கூடுதலாக விட்டு வரியை வரவழைப்பார். இருண்ட மூலையைக் கையால் மறைத்துக் காப்பார். பிறகு படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ, அதன் பிறகு ஓடும் தண்ணீர். அவசரப்பட்டு அரைகுறையாகக் கழுவினால் மிச்சமிருக்கும் ஹைப்போ சில வருடங்களில் பிரிண்டை மஞ்சளாக்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.

அந்தத் தாளைக்கூட நாமே செய்தோம். 1960-ல் தொடங்கி 1967-ல் உற்பத்திக்கு வந்த ஊட்டியின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், ‘இந்து’ என்ற பெயரில் பிலிமும் பிரிண்ட் தாளும் தந்தது. வண்ணமும் டிஜிட்டலும் அடுத்தடுத்து வந்து மோத, ஆலை நலிந்து மூடப்பட்டது. அதற்காக அழுவதில் பயனில்லை. தொழில்நுட்பம் மாறும், நல்ல இங்க்ஜெட் தாளிலும் நேர்த்தியான சாம்பலைக் கொண்டுவரலாம். திரையில் ஒரு நொடி பார்த்துத் தள்ளிவிடுவதைப் ‘படம்’ என்று எண்ணப் பழகியதில்தான் நமக்கு இழப்பு. துண்டுத் தாளில் சோதித்து, போதாது என்று கிழித்து, மறுபடி போடும் பொறுமை அதோடு போயிற்று.

கருப்பு வெள்ளையால் எல்லாம் ஆகிவிடும் என்று சொல்ல வரவில்லை. போடிக்கு மேலே கொழுக்குமலைச் சரிவில் குறிஞ்சி பூத்தால் அதற்கு வண்ணம்தான் வேண்டும். ஊதாநீலத்தைச் சாம்பலாக்கினால் மலை வெறும் புதராகிவிடும். ஆனால் அதே குறிஞ்சியின் ஒற்றைக் கொத்தை அருகில் போய் எடுங்கள். பூவின் கிண்ணமும் இலையின் ஓரப் பற்களும் கருப்பு வெள்ளையில்தான் துலங்கும்.

2018-ல் அந்த மலை பூத்தபோது ஏறிய கூட்டத்தில் செல்போன் இல்லாத கை குறைவு. அந்தப் போன்களில் எத்தனை இன்று உயிரோடு இருக்கின்றன? குறிஞ்சி மறுபடி பூப்பது 2030-ல். பள்ளத்தாக்கின் ஒவ்வொரு கல்லூரித் தாவரவியல் துறையும் அந்த ஆண்டு ஒரே ஒரு கொத்தை நிதானமாக எடுத்து, நல்ல தாளில் பிரிண்ட் போட்டு, பின்புறம் இடமும் தேதியும் பென்சிலில் எழுதி அலமாரியில் வைக்கட்டும். 2042-ல் மலையேறப் போகும் பிள்ளைகள் புறப்படும் முன் அந்த அலமாரியைத் திறந்து பார்க்கலாம்.