சின்ன யானைக்கு எவ்வளவு தீனி?

டிகிரி முடிச்சதும் லோன் போட்டு 'சின்ன யானை' ஓட்டலாம்னு ஐடியாவா பாஸ்? நல்லது. முதல்ல கணக்கைப் போடுங்க.

2005-ல் வந்த டாடா ஏஸுக்கு 702 சி.சி., 2 சிலிண்டர் டீசல் இன்ஜின். ராணிப்பேட்டை தோலை ஆம்பூர் ஷூ கம்பெனியில் இறக்கித் திரும்பினா சுமார் 150 கிலோமீட்டர். மைலேஜ் 15, டீசல் 92 ரூபாய்னு வெச்சா 10 லிட்டர், 920 ரூபாய். மேல பள்ளிகொண்டா டோல்கேட், டயர், ஆயில், இன்ஷூரன்ஸ், எஃப்.சி., மாசத் தவணை.

இதுல பாதி தூரம் காலி வண்டி. அதுவும் டீசல் குடிக்குமே! டீசல் விலையைத் தினம் மாத்துற முறை 2017 ஜூன்ல வந்தாச்சு. பேசின வாடகை அப்படி மாறாது.

அதனால, ரிட்டர்ன் லோடுக்கு ஆள் பிடிச்சிட்டு அப்புறம் சாவியை வாங்குங்க. யானை வாங்குறது ஈஸி... தீனிதான் தினசரி!