விரிசலை அளக்கும் கோல் யார் கையில்?

சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் தலைமையகம் தன்பாத்தில் இருக்கிறது. 1926இல் தொடங்கிய சுரங்கக் கல்லூரி, இன்றைய ஐஐடி, அங்கேதான். மத்திய சுரங்க ஆராய்ச்சி நிறுவனமும் அங்கேதான். அதே மாவட்டத்து ஜரியாவில்தான் 2017இல் தரை பிளந்து ஒரு தகப்பனும் மகனும் குழிக்குள் போனார்கள். அறிவுக்குப் பஞ்சமில்லை. அது யாருக்காக வேலை செய்கிறது என்பதுதான் கேள்வி.

நிலம் அமிழ்வதை அளப்பது மாயவித்தை அல்ல. மூனிடீ போன்ற லாங்வால் சுரங்கத்தில் இயந்திரம் நிலக்கரிச் சுவரைச் சீவிக்கொண்டே போகும். தாங்கிகள் முன்னே நகர, பின்னால் கூரை இடிந்து விழும். மேலே தரை தாழும். தோண்டுமுன் வரிசையாக முளையடித்து மட்டம் பார்த்துவைத்து, பிறகு திரும்பத் திரும்ப அளந்தால் தரை எவ்வளவு இறங்கியது, எங்கே இழுபடுகிறது என்று தெரிந்துவிடும். இழுபடும் இடத்தில் விரிசல் வரும். அதை மூடாவிட்டால் காற்று புகுந்து நிலக்கரி தானே பற்றிக்கொள்ளும். ஜரியாவின் பழைய சுரங்கங்கள் வேறு வகை, தூண் விட்டுத் தோண்டியவை. எந்தத் தூண் எந்த வருடம் நொறுங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அங்கே கண்காணிப்பு இன்னும் கூடுதலாக வேண்டும். 1916இலிருந்து நெருப்பு எரியும் பூமி அது.

ஆனால் முளையடிப்பதும் நிறுவனம், கணக்கெழுதுவதும் நிறுவனம். விரிசல் மட்டும் பஸ்திக்காரரின் சுவரில்!

இந்த நிலக்கரியைத் தொடக்கத்திலிருந்து வெட்டிச் சுமந்தவர்கள் பவுரி, புய்யான், சந்தால் மக்கள். 2009இல் ரூ.7,112 கோடிக்கு ஒப்புதல் பெற்ற ஜரியா மாஸ்டர் பிளான், குடும்பங்களை நில உரிமைப் பத்திரம் உள்ளவர், இல்லாதவர் என்று பிரித்தது. தலைமுறை தலைமுறையாக நிலம் மறுக்கப்பட்டவரிடம் பத்திரம் கேட்பது என்ன நியாயம்? இல்லாதவருக்கு ஆக்கிரமிப்பாளர் என்ற பெயர் வேறு. 2025 திருத்தத்தில் இரு தரப்புக்கும் ரூ.1 லட்சம் வாழ்வாதார உதவி என்றார்கள். நல்லது, வாங்கிக்கொள்வோம். அளவைப் பதிவேட்டைப் பார்க்கும் உரிமையை அது தராது.

ஜெர்மனியின் சுரங்கச் சட்டம் வேறு மாதிரி. சுரங்கத்தின் பாதிப்பு எல்லைக்குள் நிலம் தாழ்ந்தோ பிளந்தோ வீடு சேதமானால், சுரங்கமே காரணம் என்றுதான் சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியது நிறுவனத்தின் பாடு. அப்படியொரு பிரிவு நமக்கும் வேண்டும். அதுவரை, ஒவ்வொரு முளையின் அளவும் இந்தியிலும் கோர்த்தாவிலும் சந்தாலியிலும் பஸ்தியில் ஒட்டப்படட்டும். அளக்கும் வேலையையே பஸ்தி இளைஞர்களுக்குச் சம்பளத்தோடு கொடுக்கட்டும். லெவல் கருவியில் மட்டம் படிக்கப் பத்தாம் வகுப்புக் கணக்கு போதும்.