உதடு தைத்தால் போதுமா?

எழுத்தொலி பிறப்பதற்குரிய உறுப்புகளாகத் தொல்காப்பியர் பிறப்பியலில் எட்டினை எண்ணுகிறார். தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பன அவை. இவற்றுள் இதழும் அண்ணமும் பல்வரிசையும் ஒருங்கே குறையுற்றுப் பிறக்கும் குழந்தைகள் நம்மிடையே உளர். இலக்கணம் பயிலும் மாணவர் அவர்தம் பேச்சைச் செவிகொடுத்துக் கேட்பாராயின், வல்லினம் என்னும் பெயரின் பொருத்தம் நன்கு விளங்கும். அண்ணம் பிளந்திருந்தால் வாய்க்குள் காற்றை அடைத்து நிறுத்த இயலாது. அது மூக்கின் வழியே நழுவிவிடும். வல்லினம் மெல்லினமாய்க் குழைய, 'அப்பா' என்றழைப்பது 'அம்மா' என்றதுபோல் கேட்கும்.

இக்குறையை ஊர்ப்புறத்தார் 'மூளி' என்பர். கருவுற்றவள் கிரகணத்தில் வெளியே வந்தாள் என்று பழியையும் தாய்மேல் சுமத்துவர். உண்மை வேறு. கருவில் முகம் உருப்பெறுவது ஏறத்தாழ 4ஆம் வாரம் முதல் 7ஆம் வாரத்திற்குள். அண்ணம் ஒன்றுகூடுவது 12ஆம் வாரத்திற்குள். தான் கருவுற்றிருப்பதைத் தாய் உறுதியாக அறியுமுன்னரே பாதி வேலை முடிந்துவிடுகிறது. மரபு, ஊட்டக்குறை, புகையிலை, சில மருந்துகள் எனக் காரணங்கள் பல. நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் வழக்கமும் ஒரு காரணமாகலாம் என்று ஆய்வுகள் சில கூறுகின்றன. அவ்வழக்கம் நம் பகுதியில் மதங்கடந்தது என்பதைப் பெரியோர் அறிவர்.

ஆயினும் ஈண்டு நான் சொல்ல வந்தது வேறொன்று. மூன்று மாதத்தில் உதட்டைத் தைக்கின்றனர். ஒன்பது மாதம் முதல் ஒன்றரை வயதிற்குள் அண்ணத்தை மூடுகின்றனர். முன்னும் பின்னுமாக இரு புகைப்படங்கள் எடுக்கப்படுகின்றன. பெற்றோர் கண்ணீர் மல்க நன்றி கூறி ஊர் திரும்புகின்றனர். அத்துடன் எல்லாம் முடிந்தது என்றே கருதிவிடுகின்றனர். முகமோ பதினெட்டு வயது வரை வளரவேண்டியது. அண்ணத்தில் தங்கிய தழும்பு மேல்தாடையை முன்னோக்கி வளரவிடாமல் இழுத்துப் பிடிக்கிறது. கீழ்த்தாடை தன்போக்கில் வளர்கிறது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் மூக்கடி உள்வாங்கி, கீழ்ப்பற்கள் மேற்பற்களுக்கு வெளியே கடிக்க, தைத்த உதடு செம்மையாக இருந்தும் முகம் குழிந்து நிற்கும்.

வளர்ச்சிக் குறைவு பிறவியிலேயே வந்ததா, அறுவையால் வந்ததா என்னும் வினாவிற்கு விடை தேட உதவியது நம் அண்டை நாடாகிய இலங்கை. இலண்டன் கிரேட் ஆர்மண்ட் தெருக் குழந்தைகள் மருத்துவமனையின் பற்சீரமைப்பு வல்லுநர் மைக்கேல் மார்ஸ் 1980களில் அங்குப் பணியாற்றினார். அறுவையே காணாது வளர்ந்துவிட்ட பலரை ஆராய்ந்தார். அவர்களுடைய மேல்தாடை இயல்பாக வளரும் ஆற்றலைப் பெரிதும் உடையதாகவே இருந்தது என்று 1990இல் ஹூஸ்டனுடன் இணைந்து எழுதினார்.

அப்படியாயின் அறுவையே வேண்டாவோ எனச் சிலர் வினவலாம். வேண்டும் என்பதே என் துணிபு. அதே இலங்கைப் பணியில், வளர்ந்தபின் அண்ணம் மூடப்பெற்றோரில் பலருக்குப் பேச்சு திருந்தவில்லை என்பதும் வெளிப்பட்டது. 2023இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வொன்று, 6 மாதத்தில் அண்ணம் மூடப்பெற்ற குழந்தைகளுக்கு 12 மாதத்தில் மூடப்பெற்றோரைவிட ஐந்து வயதில் மூக்குவழிக் காற்றொழுக்குக் குறைவு எனக் காட்டிற்று. முகத்தை எண்ணிப் பேச்சை இழக்க எந்தத் தந்தை உடன்படுவான்? உரிய காலத்தில் அண்ணத்தை மூடுவோம். பிறகு தாடையைக் காத்திருந்து கவனிப்போம்.

கவனிப்பு என்றால் பெருவித்தை ஒன்றுமன்று. ஏழெட்டு வயதில் மேல்தாடையை முன்னிழுக்கும் முகக்கருவி, கோரைப்பல் முளைக்குமுன், ஒன்பது முதல் பதினொரு வயதிற்குள், இடுப்பெலும்பிலிருந்து சிறிது எடுத்து ஈற்றுப் பிளவில் நிரப்பும் சிகிச்சை, பின்னர்ப் பற்கம்பி, தேவையெனில் வளர்ச்சி முற்றியபின் தாடை அறுவை. இடையிடையே பேச்சுப் பயிற்சி.

இவற்றுக்காகச் சென்னைக்கு ஓடவேண்டியதில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின்கீழ் 1980இல் தொடங்கிய பல் மருத்துவக் கல்லூரி இன்று மாநில அரசின் கையில் உள்ளது. (பெயரில் கடலூர், இருப்பதோ சிதம்பரம்!) 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டத்தின் பரிசோதனைப் பட்டியலிலும் இக்குறை உண்டு. அறுவைக்கு அரசும் அறநிறுவனங்களும் உதவுகின்றன. கிடைக்காதது பேருந்துக் கட்டணமும் அன்றைய கூலியுமே. பரங்கிப்பேட்டையின் மீனவர், நெல்லிக்குப்பத்தின் ஆலைத் தொழிலாளி, காட்டுமன்னார்கோயிலின் உழவர் ஆகியோர் பத்தாண்டுகள் மாதந்தோறும் ஒரு நாள் வேலையை விடுவது எளிதன்று. ஜமாஅத்துகளும் ஊர் அறக்கட்டளைகளும் அந்த ஒரு நாள் கூலியை ஏற்குமாயின், எத்தனையோ குழந்தைகளின் சிகிச்சை நடுவழியில் நின்றுபோகாது.

இம்மலரைப் படிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். மூன்றாம், நான்காம் வகுப்பில் மேலுதட்டில் தழும்புடைய பிள்ளை இருந்தால், பல் மருத்துவரிடம் கடைசியாக எப்போது காட்டினார்கள் என்று அதன் பெற்றோரைத் தனியே அழைத்துக் கேளுங்கள். கோரைப்பல் வெளிவந்தபின் அழைத்துச் சென்றால், எலும்பு நிரப்புவதன் பயன் குறைந்துவிடும்.