படுகளத்தில் அழவும் ஆள் வேண்டும்

செங்கல்பட்டு ஏரிக்கரை ஊர்களுக்கும் மாமல்லபுரக் கரையோரக் குப்பங்களுக்கும், சிங்கப்பூரில் பிழைக்கும் ஊர்ப்பிள்ளை ஒருவரின் வணக்கம்.

பங்குனி பிறந்தால் நம் பக்கத்தில் பாரதப் பேச்சு தொடங்கிவிடும். சம்பா அறுத்து, களம் தூற்றி, நெல் வீடு வந்து சேர்ந்திருக்கும். அப்போதிருந்து ஆடி வரைக்கும் ஊருக்கு ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் கொடி ஏறும். ஆனால் கொஞ்ச வருடங்களாகப் பேச்சின் போக்கு மாறியிருக்கிறது. பதினெட்டு நாள், இருபது நாள் நடந்த பாரதம் பல ஊர்களில் பத்து நாளாகச் சுருங்கிவிட்டது. படுகளமும் தீமிதியும் மட்டும் வைத்தால் போதும் என்று சொல்கிறவர்களும் உண்டு. அவர்கள் சொல்லும் காரணங்கள் நியாயமானவை. மறைமலை நகருக்கும் ஒரகடத்துக்கும் மகேந்திரா சிட்டிக்கும் ஷிப்டு வேலைக்குப் போகிறவர்கள் விடிய விடியக் கூத்துப் பார்க்க முடியாது. பிள்ளைகளுக்குப் பரீட்சை. பந்தல், விளக்கு, ஒலிபெருக்கி, கூத்து ஜமாவுக்குக் கொடுக்கும் தொகை என்று எல்லாச் செலவும் ஏறிவிட்டது.

இதெல்லாம் தெரிந்தேதான் இந்த மடல் ஊரைக் கேட்கிறது: நாளைக் குறைக்கும்போது எதை வெட்டுகிறோம் என்று ஒருமுறை யோசியுங்கள்.

பகலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தைப் பாடிப் பொருள் சொல்வார். இரவில் அதே கதை மத்தளமும் முகவீணையும் முழங்கக் கூத்தாக வரும். திரௌபதி கல்யாணத்தன்று ஊரே பெண் வீட்டாராகிச் சீர்வரிசைத் தட்டு எடுக்கும். சில நாள் கழித்து அதே பெண்ணின் துகிலைத் துச்சாதனன் பிடிப்பான். திரௌபதி வேடம் கட்டியவர் முன்னால் கற்பூரம் ஏற்றிக் கும்பிடுவார்கள். அர்ஜுனன் தபசன்று உயரமான பனங்கம்பத்தில் பாடிக்கொண்டே அர்ஜுனன் ஏறுவான். மேலிருந்து அவன் போடும் எலுமிச்சைக்கும் வில்வத்துக்கும் பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் கீழே காத்திருப்பார்கள். பிறகு ஓர் இரவில் அபிமன்யு சாவான். துக்கம் கட்டுமீறிப் போகும்போது கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் குறுக்கே புகுந்து, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதர்களையே கேலி பேசிச் சிரிக்க வைப்பான். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கதை மறுபடி போர்க்களத்துக்குப் போய்விடும்.

படுகளத்தன்று காலையில் ஊர்ப் பொதுவெளியில் துரியோதனன் மண்ணுருவாக மல்லாந்து கிடப்பான். பல ஊர்களில் அந்த உருவம் முப்பது அடிக்கும் மேல் நீளும். பீமன் தொடையில் அடிக்க, அங்கே வைத்திருக்கும் குங்குமத் தண்ணீர் இரத்தமாக வடியும். திரௌபதி அதைத் தொட்டு, விரித்த கூந்தலை முடிந்துகொள்வாள். சபதம் நிறைவேறிவிட்டது, ஊர் மகிழ்ந்து கலையலாம். ஆனால் அந்த நேரத்தில்தான் துரியோதனன் மனைவி பெருந்திருவாளின் அழுகை எழும். நூறு பிள்ளைகளைப் பறிகொடுத்த காந்தாரி ஒப்பாரி வைப்பாள். பாண்டவர் பக்கம் நின்று ஊர்வலம் வந்த ஊர், தோற்றவன் வீட்டுப் பெண்களோடு சேர்ந்து அழும். சாயங்காலம் தீமிதி. அதற்குப் பின் தருமர் பட்டாபிஷேகம். அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊர் முடிசூட்டு விழா பார்க்கும்.

போன மழைக்காலத்தில் புருஷனை இழந்தவள், கழனியில் பாம்பு கடித்து மகனைப் பறிகொடுத்தவள் என்று யாராவது ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருக்கவே செய்வார். வீட்டுக்குள் அழுதால் பிள்ளைகள் பயந்துவிடும் என்று அடக்கி வைத்திருந்தவள் படுகளத்தில் அழலாம். ஏன் அழுகிறாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். சாவு வீட்டில் கருமாதிக்கு முந்தின இரவு கர்ண மோட்சம் கூத்து வைக்கும் வழக்கமும் இதைச் சேர்ந்ததுதான். குடும்பத்தின் துக்கத்தைக் கர்ணனின் சாவோடு சேர்த்து ஊர் விடியும்வரை உட்கார்ந்து பார்க்கிறது. பட்டணத்தில் இதற்கு ஆலோசனை நிலையத்தில் நேரம் குறித்துப் போக வேண்டியிருக்கிறது.

துக்கத்துக்குப் பக்கத்திலேயே கேலியும் இருக்கும் என்பது மாமல்லபுரத்துக்காரர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். ஏறக்குறைய 30 மீட்டர் நீளமுள்ள பாறையில் பல்லவச் சிற்பி செதுக்கிய தவக்காட்சியை ஊர் வாய் அர்ஜுனன் தபசு என்றே சொல்லிவருகிறது. பகீரதன் தவம் என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு. எலும்பு தெரிய ஒற்றைக் காலில் நிற்கும் தவசி இருக்கும் அதே பாறையில், யானையின் தந்தத்துக்குப் பக்கத்தில் ஒரு பூனையும் கையைத் தூக்கித் தவம் செய்கிறது, காலடியில் எலிகள். கட்டியக்காரன் அங்கேயே வந்துவிட்டான்!

மாசி மகத்தன்று அதே ஊரின் கடற்கரைக்கு வேறொரு கூட்டம் வரும். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் என்று வட மாவட்டங்களிலிருந்து இருளர் குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு வந்து, குச்சி நட்டுப் புடவையும் தார்ப்பாயும் கட்டிக் கூடாரம் போடுவார்கள். பௌர்ணமி இரவு கழிந்து விடியும்முன், ஈர மணலில் ஏழு படி கட்டிப் பூவும் பழமும் வைத்துக் கன்னியம்மாளைக் கும்பிடுவார்கள். கோபித்துக்கொண்டு கடலுக்குப் போன அம்மனைச் சமாதானம் செய்து அழைத்துவருவதாக நம்பிக்கை. அந்த மணலிலேயே காது குத்து, மொட்டை, பெண் பார்த்தல், கல்யாணம். வருடம் முழுக்க ஆளுக்கொரு திசையில் அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் மரம் வெட்டும் காட்டிலும் இருந்தவர்கள் ஒன்றுசேரும் நாள் அது. கொத்தடிமை முறை 1976இல் சட்டப்படி ஒழிந்தது. அதற்குப் பிறகும் இந்த மாவட்டங்களின் ஆலைகளிலிருந்தும் சூளைகளிலிருந்தும் இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்டிருக்கின்றன. அப்படிப்பட்ட வருடங்களுக்கு நடுவிலும் அவர்கள் மகத்தை விடவில்லை.

வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்தான் நாட்டின் விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய நஞ்சில் பெரும்பகுதியைத் தந்துவந்திருக்கிறது. அதன் உறுப்பினர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். நம் ஊரில் பாம்பு கடித்தவனைப் பிழைக்கவைக்கும் மருந்தில் அவர்களின் உழைப்பு இருக்கிறது. அவர்களில் எத்தனை குடும்பம், திருவிழா வரிக்கு வீடுகளை எண்ணும் நம் ஊர்த் தலைக்கட்டுக் கணக்கில் இருக்கிறது?

இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு மீனவப் பஞ்சாயத்துகள் வந்த நிவாரணத்தைக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று சமமாகப் பங்கிட்டன. வலையில் விழுந்ததைப் பங்கு போட்டுப் பழகிய கைகள் அவை. அந்த ஒழுங்கு பாராட்டப்பட்டது. அதே சமயம் படகில்லாத இருளரும் தலித் குடும்பங்களும் பல இடங்களில் பங்குக் கணக்கில் விடுபட்டார்கள். விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் தலித் மக்கள் கோயிலுக்குள் வருவதில் எழுந்த தகராறில் 2023 ஜூனில் திரௌபதி அம்மன் கோயிலுக்கே சீல் வைக்கப்பட்டது. நீதிமன்றம் சொல்லி, 2024 மார்ச்சில்தான் கதவு திறந்தது. சபையில் நியாயம் கேட்டவளின் கோயில் அது. காந்தாரிக்காக அழத் தெரிந்த ஊர்கள், பக்கத்துத் தெருக்காரரின் துக்கத்துக்கும் இடம் விட முடியும்.

சிங்கப்பூரில் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் 1827இல் தோன்றியது. தீபாவளியை ஒட்டி அங்கே தீமிதி நடக்கும். அதற்கு முன் திரௌபதி கல்யாணம், அர்ஜுனன் தபசு, அரவான் பூசை என்று பாரதத்தின் வரிசை குறையாது. சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து நடந்து வந்து பூக்குழி இறங்குவார்கள். கப்பலேறிப் போனவர்கள் நிலத்தை விட்டுப்போனார்கள், வரிசையை விடவில்லை. இந்த மடலை எழுதுபவரும் அந்தக் கூட்டத்தில் நடப்பவர். ஆனாலும் ஊரில் ஒரு சாவு என்றால் அவரைப் போன்றவர்கள் கைப்பேசியில்தான் பாடையைப் பார்க்கிறார்கள். பணம் அனுப்பலாம், தோள் கொடுக்க ஆள் அங்கே இருக்க வேண்டும்.

அதனால் ஊராரிடம் சில வேண்டுகோள்கள். பாரதத்தைப் பத்து நாளாக்கினாலும் கல்யாணம், துகில், அபிமன்யு, கர்ண மோட்சம், படுகளம், பட்டாபிஷேகம் ஆறையும் விட்டுவிடாதீர்கள். வேலை நாளில் கூத்தை எட்டு மணிக்குத் தொடங்கி நடுச்சாமத்தில் முடிக்கலாம். விடிய விடிய நடப்பதைச் சனிக்கிழமைக்கு வைக்கலாம். தலைக்கட்டு நோட்டில் இருளர் வீடுகளையும் காலனி வீடுகளையும் எழுதுங்கள். வரி கொடுக்க முடியாத வீட்டுக்கும் மரியாதை அதேதான் என்று கொடியேற்றத்தன்றே மைக்கில் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களிடம் நன்கொடையோடு நிறுத்திக்கொள்ளாமல், சுழல் முறையில் ஆளுக்கொரு வருடம் நேரில் வந்து வேலை செய்யச் சொல்லுங்கள்.

கொடியேற்றத் தேதியைத் தை மாதத்திலேயே குறித்துச் சொல்லிவிட்டால் லீவு எழுதிக் கொடுக்கவும் டிக்கெட் எடுக்கவும் அவகாசம் கிடைக்கும். படுகளத்துக்கு மண் குழைக்க இந்த மடலை எழுதுபவர் வந்துவிடுவார்.

இப்படிக்கு,
சிங்கப்பூரிலிருந்து உங்கள் ஊர்ப்பிள்ளை