பிளேடு விற்கும் முன் இரண்டு கேள்வி

"நாலு இஞ்ச் டைல்ஸ் பிளேடு ஒண்ணு கொடுங்க அண்ணாச்சி" என்று கேட்டு வருகிறவருக்கு, ஆணியில் மாட்டியிருப்பதில் கைக்கு வந்ததை எடுத்துக் கொடுத்துக் காசைக் கல்லாவில் போடுவதுதான் நம்மில் பலருடைய வழக்கம். ஹார்டுவேர் கடைக்காரர்கள் மட்டுமல்ல, சிற்றூர்களில் மளிகையோடு ஆணி, கயிறு, பெயின்ட் வைத்திருக்கும் உறுப்பினர்களும் இந்தச் சரக்கை விற்கிறார்கள். இட்லிக்கு எந்த அரிசி, சோற்றுக்கு எந்த அரிசி என்று பிரித்துச் சொல்லத் தெரிந்த நாம், பிளேடு என்றால் மட்டும் விலையை ஒன்றே அளவுகோலாக வைத்துப் பேசுவது சரியல்ல என்பது நமது கருத்து.

டயமண்ட் பிளேடில் இருப்பது நகைக்கடை வைரம் அல்ல. செயற்கை வைரத் தூளை உலோகத் தூளோடு கலந்து, சூடேற்றி அழுத்தி, எஃகுத் தட்டின் விளிம்பில் பிடிக்க வைத்திருக்கிறார்கள். அறுக்க அறுக்க அந்த உலோகம் தேய வேண்டும்; மழுங்கிய வைரம் உதிர்ந்து, அடியில் இருக்கும் புதிய வைரம் தலை நீட்ட வேண்டும். ஆகவே கடினமான கல்லுக்குச் சீக்கிரம் தேயும் உலோகமும், சொரசொரப்பான மெதுக்கல்லுக்குத் தேயாத உலோகமும் வேண்டும். கேட்பதற்குத் தலைகீழாகத் தோன்றினாலும் விஷயம் இதுதான். செங்கல், சிமென்ட் பிளாக் அறுக்கும் பிளேடை விட்ரிஃபைட் டைல்ஸில் வைத்தால், சிறிது நேரத்தில் விளிம்பு வழுவழுவென்று ஆகிவிடும், வெட்டாது. "டூப்ளிகேட் கொடுத்துவிட்டீர்கள்" என்று திரும்பி வரும் பிளேடுகளில் இப்படிப்பட்டவையும் உண்டு. அதைக் கொண்டு ஒரு செங்கல்லில் நாலைந்து கோடு இழுத்துப் பார்க்கச் சொன்னால் மறுபடி வெட்டத் தொடங்கும், சண்டையும் மிச்சம்.

விளிம்பைப் பார்த்தே வகை தெரிந்துவிடும். வெட்டே இல்லாத முழு வட்ட விளிம்பு, சுவர் டைல்ஸுக்கு. மேற்பூச்சு சில்லு பெயராமல் வரும். அலை அலையாக வரி ஓடும் டர்போ, கிரானைட்டுக்கு ஏற்றது. விட்ரிஃபைட் டைல்ஸுக்கு, அதற்கென்று அட்டையில் போட்டிருக்கும் மெல்லிய முழு விளிம்போ மெல்லிய டர்போவோ கொடுக்கலாம். பல் பல்லாக இடைவெளி விட்டது கான்கிரீட்டுக்கும் செங்கல்லுக்கும். இதை டைல்ஸுக்குக் கொடுத்தால் ஓரமெல்லாம் பிசிறிப் போகும், நஷ்டம் டைல்ஸ் வாங்கியவருக்கு.

ஆகவே முதல் கேள்வி, "எதை அறுக்க?" என்பது. இரண்டாவதுதான் முக்கியமானது: "என்ன மெஷின்?"

நாலு இஞ்ச் கட்டர்களில் நிமிடத்துக்கு 13,000 சுற்று ஓடுபவை உண்டு. இந்தப் பிளேடுகளில் வழக்கமாகப் போட்டிருக்கும் உச்ச வேகம் விநாடிக்கு 80 மீட்டர். 110 மி.மீ. பிளேடின் விளிம்பு அந்தச் சுற்றில் சுமார் 75 மீட்டர் ஓடும், எல்லைக்குள்தான். ஆழம் போதவில்லை என்று காப்பு மூடியைக் கழற்றிவிட்டு 125 மி.மீ. பிளேடை அதே மெஷினில் மாட்டினால் 85 மீட்டர். எல்லை தாண்டியாயிற்று, மூடியும் இல்லை. ஒரு பல் பெயர்ந்து பறந்தால் அது போய் நிற்கும் இடம் அந்தத் தொழிலாளியின் முகமாக இருக்கலாம். நடுத்துளையும் அப்படியே. 20 மி.மீ. துளை உள்ள பிளேடை 16 மி.மீ. தண்டில் கம்பி சுற்றி மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சரியான வளையம் கொடுக்காமல் பிளேடை மட்டும் விற்றவருக்கும் அதில் பங்கு உண்டு என்றே சொல்வோம்.

இது தர்ம நியாயம் மட்டுமல்ல. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 86-ஆம் பிரிவை உறுப்பினர்கள் ஒரு முறை படிக்க வேண்டும். குறையுள்ள பொருளால் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்து, அதைத் தயாரித்தவர் யார் என்றே தெரியாவிட்டால், விற்றவர் பொறுப்பாவார். தயாரிப்பாளர் கொடுத்த எச்சரிக்கையை விற்கும்போது வாங்குபவரிடம் சேர்க்காமல் விட்டாலும் அப்படியே. பெயரும் சுற்று வேகமும் அச்சிடாத பிளேடை அட்டையில்லாமல் விற்கிறவர், தயாரித்தவனின் பொறுப்பையும் சேர்த்து வாங்கி வைத்திருக்கிறார்.

"நாம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தால் ஆள் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்" என்று சிலர் சொல்லலாம். சிலர் போவார்கள்தான். ஆனால் டைல்ஸ் மேஸ்திரி ஒரு பிளேடோடு நிற்கிறவர் அல்லர். வேலை நடக்கும் வரை பசை, ஸ்பேசர், கிரவுட் என்று வந்துகொண்டே இருப்பார். பிளேடு கொடுக்கும்போது முகமூடியும் கண்ணாடியும் எடுத்துக் காட்டுங்கள். உலர வைத்து அறுக்கும்போது எழும் தூசியில் சிலிக்கா உண்டு. அது நுரையீரலில் தங்கினால் வரும் சிலிகோசிஸ் குணமாகாத நோய்.

மொத்த வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. பெயரில்லாத பிளேடைக் கட்டுக் கட்டாக மலிவாகக் கொடுத்துவிட்டு, பில்லில் "கட்டிங் ஐட்டம்" என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். தயாரிப்பாளர் பெயரும் அளவும் பில்லில் வரட்டும். வராத சரக்கைச் சில்லறைக் கடைக்காரர்கள் லாரியிலேயே திருப்பி அனுப்பலாம்.