377ஏ நீங்கியது, சேர்ந்து வாழ்வோரின் நிலை என்ன?

சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2022 நவம்பர் 29ஆம் தேதி இரண்டு மசோதாக்களை நிறைவேற்றியது. ஒன்று, ஆண்களுக்கிடையிலான பாலுறவைக் குற்றமாக்கிய 377ஏ சட்டப்பிரிவை நீக்கியது. மற்றொன்று, திருமணம் என்பது ஆணும் பெண்ணும் இணைவது என்ற சட்ட விளக்கத்தை அடிப்படை உரிமைகளைக் காட்டி நீதிமன்றத்தில் எதிர்க்க முடியாதபடி அரசமைப்பைத் திருத்தியது.

நீக்கம் 2023 ஜனவரி 3ஆம் தேதி நடப்புக்கு வந்தது. குற்றம் என்ற முத்திரை போனது. தம்பதி என்ற அங்கீகாரம் வரவில்லை. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையில்தான் ஓரினத் தம்பதிகள் வாழ்கிறார்கள். அவர்களில் தமிழர்களும் உண்டு. அவர்களின் வீடும் சேமிப்பும் யாருக்குச் சேரும், நோயுற்றால் யார் பேசுவார் என்ற கேள்விகள் அவர்களின் பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் நேரடியாகத் தொடுகின்றன.

1938 முதல் 2022 வரை

377ஏ பிரிவு உள்ளூர்ச் சமூகங்கள் கேட்டு வந்ததன்று. பிரிட்டிஷ் ஆட்சியாளர்கள் 1938இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் தண்டனைச் சட்டத்தில் அதைச் சேர்த்தனர். தனியறையில் நடந்தாலும் குற்றம். ஈராண்டு வரை சிறை. பெண்களுக்கு இப்பிரிவு பொருந்தவில்லை.

2007இல் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டபோது, பழைய 377ஆம் பிரிவு நீக்கப்பட்டது. 377ஏ மட்டும் வைத்துக்கொள்ளப்பட்டது. சட்டம் ஏட்டில் இருக்கும், அதைத் தீவிரமாகச் செயல்படுத்த மாட்டோம் என்பது அரசாங்கத்தின் அப்போதைய நிலைப்பாடு. அந்தச் சமரசம் 15 ஆண்டுகள் நீடித்தது.

அதை அசைத்தவை நீதிமன்ற வழக்குகள். 2010இல் தொடங்கிய ஒரு வழக்கில் வாதாடியவர் தமிழ் வழக்கறிஞர் எம். ரவி. 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 377ஏ அரசமைப்புக்கு முரணானதன்று என்று தீர்ப்பளித்தது. 2022 பிப்ரவரியில் தலைமை நீதிபதி சுந்தரேஷ் மேனன் தலைமையிலான அமர்வு அந்தப் பிரிவை ரத்து செய்யவில்லை. ஆனால் அதைச் செயல்படுத்த முடியாது என்று கூறியது.

அதன் பிறகே அரசாங்கம் நகர்ந்தது. வருங்கால வழக்கு ஒன்றில், சமத்துவ உரிமையின் அடிப்படையில் 377ஏ ரத்தாகும் அபாயம் கணிசமாக உள்ளது என்று தமக்கு ஆலோசனை கூறப்பட்டதாக அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் 2022 தேசிய தினப் பேரணி உரையில் தெரிவித்தார். அப்போதைய சட்ட அமைச்சர் கா. சண்முகம் நீக்க மசோதாவை நாடாளுமன்றத்தில் முன்னெடுத்தார். ஆதரவாக 93 வாக்குகளும் எதிராக 3 வாக்குகளும் விழுந்தன.

அடைபட்ட வழி, திறந்த வழி

377ஏ பிரிவை அசைத்த அதே சமத்துவ வாதம் நாளை திருமணச் சட்டத்தையும் அசைக்கலாம் என்று அரசாங்கம் கருதியது. அதைத் தடுக்கவே அரசமைப்பில் 156ஆம் பிரிவு சேர்ந்தது.

அண்டை நாடுகளைப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். தைவானில் 2017இல் அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019இல் ஓரினத் திருமணம் சட்டமானது. அந்த நீதிமன்ற வழி சிங்கப்பூரில் அடைபட்டுவிட்டது. தாய்லாந்தில் 2021இல் அரசமைப்பு நீதிமன்றம் பழைய திருமணச் சட்டமே செல்லும் என்றது. பின்னர் நாடாளுமன்றமே சட்டத்தை மாற்ற, 2025 ஜனவரி 23 முதல் ஓரினத் தம்பதிகள் அங்கு திருமணத்தைப் பதிவு செய்கின்றனர். இந்த நாடாளுமன்ற வழி சிங்கப்பூரில் திறந்தே உள்ளது. திருமணத்தின் விளக்கம் அரசமைப்பிலேயே எழுதப்படவில்லை. அதை மாற்ற நாடாளுமன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மை போதும்.

வழி இருக்கிறது, நடப்பவர் இப்போதைக்கு இல்லை. தமது பொறுப்பில் திருமண விளக்கம் மாறாது என்று லாரன்ஸ் வோங் 2022இலேயே உறுதி கூறினார். 2024இல் அவர் பிரதமரானார். 2025 பொதுத் தேர்தலில் அவரது கட்சி வென்றது.

கடற்பாலத்திற்கு அப்பால் நிலைமை வேறு. மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 377 வரிசைப் பிரிவுகள் இன்றும் நடப்பில் உள்ளன. 20 ஆண்டு வரை சிறைக்கும் பிரம்படிக்கும் அவற்றில் இடமுண்டு.

வீடு, சேமிப்பு, மருத்துவம்

முஸ்லிம் அல்லாதோரின் திருமணத்தை ஒழுங்குபடுத்தும் மாதர் சாசனத்தின்படி, ஓரினத் திருமணம் எங்கு நடந்திருந்தாலும் செல்லாது. பேங்காக்கில் பதிவு செய்துகொண்டு வருவோரும் சிங்கப்பூரில் இரண்டு தனிநபர்களே.

ஆகவே வீவக வீடு வாங்க 35 வயது வரை காத்திருந்து, ஒற்றையர்களாக விண்ணப்பிக்க வேண்டும். இருவரும் சேர்ந்து வாங்கினால், உரிமையை எப்படிப் பதிகிறார்கள் என்பது முக்கியம். கூட்டு உரிமையாகப் பதிந்தால் ஒருவர் இறந்தபின் வீடு மற்றவருக்குச் சேரும். தனித்தனிப் பங்காகப் பதிந்தால், இறந்தவரின் பங்கு அவரது உயிலின்படி போகும். உயில் இல்லையேல் குடும்பத்துக்குப் போகும்.

மசேநிதிப் பணத்தை யாருக்கு வேண்டுமானாலும் நியமனம் செய்யலாம். அதற்குத் திருமணச் சான்றிதழ் தேவையில்லை. நியமனம் செய்யாமல் இறந்தால், திருமணமாகாத, பிள்ளைகள் இல்லாத ஒருவரின் பணம் பெற்றோருக்குச் சேரும். பெற்றோர் இல்லையேல் உடன்பிறந்தோருக்கு. 20 ஆண்டுகள் உடன் வாழ்ந்தவருக்கு ஒரு வெள்ளியும் கிடைக்காது.

மனத்திறன் இழக்கும் நிலை வந்தால் தமது நலனையும் சொத்தையும் கவனிக்க, நம்பும் ஒருவரை முன்கூட்டியே நியமிக்கும் பத்திரமும் உண்டு. அதிலும் துணைவரின் பெயரை எழுதலாம்.

பதிவுத் திருமணம் செய்த கணவன் மனைவிக்குப் பெரும்பாலும் தானாகக் கிடைக்கும் பாதுகாப்பை, இவர்கள் ஒவ்வொரு தாளாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் தாளால் ஈடுகட்டவும் முடியாது. பிள்ளையைக் கூட்டாகத் தத்தெடுக்கும் உரிமை, சிங்கப்பூரில் அங்கீகரிக்கப்பட்ட திருமணம் செய்தோருக்கே உண்டு.

குடும்பத்தின் கையில்

இதில் தமிழ்க் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உள்ளது. தாள்கள் இல்லாத இடத்தில் சட்டம் பெற்றோரையும் உடன்பிறந்தோரையும்தான் நோக்கித் திரும்புகிறது. மகன் ஒருவரோடு வாழ்கிறான் என்பதை ஏற்காத தாய் தந்தையரே, அவன் திடீரென மறைந்தால் அவனது சேமிப்பின் வாரிசுகள். அவனோடு வாழ்ந்தவர் ஈமச் சடங்கில் எங்கு நிற்பார், வீட்டில் இருப்பாரா வெளியேறுவாரா என்பதெல்லாம் அந்தப் பெற்றோரின் மனத்தைப் பொறுத்தவை ஆகலாம்.

திருமணச் சட்டம் விரைவில் மாறும் அறிகுறி இல்லை. ஆனால் மசேநிதி நியமனத்துக்கும் உயிலுக்கும் சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பிள்ளையிடம் "உனக்கு ஒன்று ஆனால் யாரைக் கூப்பிட வேண்டும்?" என்று கேட்கவும் பெற்றோருக்கு எந்தச் சட்டத் தடையும் இல்லை.